ஆரத்தித் தட்டில் வரைந்த கோலத்தின் மேல் எந்த பாலியூரித்தேனைப் பூசுவது?

கோலத்தட்டு:

அனைவருக்கும் வணக்கம். சீர்வரிசைத் தட்டுகளையும் ஆரத்தித் தட்டுகளையும் மரத்தில் செய்து, அவற்றின் மேல் அக்ரிலிக் வண்ணத்தால் கோலம் வரைந்து விற்று வருகிறேன். பெரும்பாலானவை 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்வது) வெட்டியவை. தனியாகக் கேட்பவர்களுக்கு மட்டும் தேக்கில் செய்து தருகிறேன். அடியில் காவி நிறம் அடித்து, அது காய்ந்ததும் வெள்ளையால் இழைக்கோலம் இடுவது என் வழக்கம்.

இதுவரை கடையில் வார்னிஷ் என்று கொடுத்ததைப் பூசி வந்தேன். அதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வெள்ளைக் கோலம் சில மாதங்களில் நெய் நிறத்துக்கு மாறிவிடுகிறது. இரண்டாவது, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நீர் தளும்பிய இடத்தில் பூச்சு மங்கிக் கறை ஏறிவிடுகிறது. பாலியூரித்தேன் பூசினால் இரண்டும் தீரும் என்று சொல்கிறார்கள். ஆனால் பெயிண்ட் கடையில் போய் பியூ என்று, அதாவது பாலியூரித்தேனின் சுருக்கப் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஒருவர் ஒரே டப்பாவில் வருவதைத் தருகிறார், இன்னொருவர் மூன்று டப்பாக்களை எடுத்து வைக்கிறார், மூன்றாமவர் இரும்புக் கதவுக்கு அடிக்கும் பியூ எனாமலைக் காட்டுகிறார். தண்ணீரில் கரைவதும் ஒன்று இருக்கிறதாம்.

நான் இருப்பது சென்னையில் ஓர் அடுக்ககத்தில். கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் இல்லை, பிரஷ்தான். தை மாத முகூர்த்தங்களுக்கான வேலை என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பூச வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பூசுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பட்டறைவாசி:

வணக்கம் அம்மா. கோவையில் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். கடைக்காரர் எடுத்து வைத்த மூன்று டப்பாக்களும் சேர்ந்து ஒரே பூச்சுதான். ஒன்று மூலப் பூச்சு, ஒன்று அதை இறுகவைக்கும் ஹார்ட்னர், மற்றொன்று அதை நீர்க்கவைக்கும் பியூ தின்னர். மஞ்சள் கறைக்கும் சூட்டுக்கும் தாங்குவது என்று பார்த்தால், மரத்துக்குக் கிடைக்கும் பூச்சுகளில் இதற்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசைக்கு நாங்கள் அடிப்பதும் இதைத்தான். இரும்புக் கதவுக்கான பியூ எனாமல் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது நிறமுள்ள பெயிண்ட், கோலத்தையே மூடிவிடும்.

மூன்று டப்பாவை வாங்கினால் சில கட்டுப்பாடுகளை விடாமல் பின்பற்ற வேண்டும். எந்த விகிதத்தில் கலப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பக்கத்துப் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் டப்பாவில் அச்சிட்டிருப்பதையே பார்க்க வேண்டும். அந்த விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். எடைக்கு என்றிருந்தால் சமையலறைத் தராசே போதும். கடினமாகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் பூச்சு நொறுங்கும் தன்மை பெற்று, தட்டின் விளிம்பு எங்காவது இடிபட்டவுடன் சில்லாகப் பெயர்ந்துவிடும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மீதியை மூடி வைத்து மறுநாள் எடுக்க முடியாது. தின்னர் தீர்ந்துவிட்டது என்று வீட்டிலிருக்கும் சாதாரண என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை ஊற்றிவிடாதீர்கள். அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் கலந்திருப்பதால், மரப்பூச்சோடு சேர வேண்டிய ஹார்ட்னரை அவை தின்றுவிடும், தட்டு நாள்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

பிரஷ்ஷாலும் அடிக்கலாம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்கினால் பிரஷ் கோடுகள் தாமாகப் படிந்துவிடும்.

வண்ண வேதியல்:

பெயிண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டறைவாசி ஐயா சொன்ன கலப்பு விதிகள் அனைத்தும் சரியானவை. ஆனால் அந்தப் பூச்சை அடுக்ககத்தில், பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில், அக்ரிலிக் ஓவியத்தின் மேல் பூசுமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த நான்கும் இங்கே சேர்ந்து தடையாகின்றன.

ஹார்ட்னர் என்பது ஐசோசயனேட். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் தம் குழுவினருடன் கண்டறிந்த வேதிவினை, இந்த ஐசோசயனேட்டும் ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட மற்றொரு பொருளும் இணைந்து நீண்ட சங்கிலியாவதுதான். மெத்தையிலுள்ள நுரையும் செருப்பின் அடிப்பகுதியும் உங்கள் தட்டின் பூச்சும் அந்த ஒரே வினையிலிருந்து வந்தவை. ஆனால் ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டாலும் அதே ஆர்வத்தோடு வினைபுரியும். அப்போது கரியமில வாயு வெளிப்படுவதால், ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசிய படலத்தில் ஊசிமுனை அளவு கொப்புளங்கள் நிறைந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போகும் கார்த்திகை மாதச் சென்னையில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

உடல்நலம் இதைவிட முக்கியம். ஐசோசயனேட் ஆவியையோ துகளையோ சுவாசிக்கும் சிலருக்கு அது ஒவ்வாமையாக மாறி ஆஸ்துமாவில் முடியும், ஒருமுறை அப்படி ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். ஆபத்தான அளவை எட்டும்போதுகூட மூக்குக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால், வாடை வரவில்லையே என்று நம்பியிருக்கவும் முடியாது. ஸ்ப்ரே செய்வதைவிடப் பிரஷ்ஷில் ஆபத்து குறைவுதான். இருந்தாலும் குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது வேண்டாம்.

அடுத்தது ஓவியம். மூன்று டப்பாப் பூச்சின் தின்னரில் பியூட்டைல் அசிடேட், சைலீன் போன்ற வலுவான கரைப்பான்கள் இருக்கின்றன. அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் இவற்றில் இளகும். ஸ்ப்ரே கன் வைத்திருப்பவர் பனிபோல மெல்லிய முதல் பூச்சை அடித்து, அது காய்ந்த பின் மேலே ஏறலாம். பிரஷ் வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது, பிரஷ் போகும் வழியெல்லாம் வெள்ளை இழை காவியோடு குழைந்து இழுபடும்.

உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் பூசியது எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷாக இருக்க வேண்டும். ஒரே டப்பாவில் டர்பன்டைன் வாடையோடு வரும் பியூவும் பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவுதான். எண்ணெயிலிருந்து செய்யும் ஆல்கைட் பிசினோடு யூரித்தேனைப் பிணைத்திருப்பார்கள். வார்னிஷைவிடக் கடினமாக இருக்கும், தேய்மானம் தாங்கும், ஆனால் எண்ணெய் இருக்கும் வரை மஞ்சளாவதும் இருக்கும், அதிலும் அலமாரிக்குள் இருட்டில் வைத்தால் இன்னும் வேகமாக மஞ்சளாகும். தேக்கின் மேல் அது அழகு, வெள்ளைக் கோலத்தின் மேல் அழுக்கு. சுண்ணாம்பு நீர் காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பூச்சிலுள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காரம் அறுத்துவிடும், சோப்பு காய்ச்சும்போது நடப்பதும் அதே வினைதான். ஆரத்தி நீர் பட்ட இடம் மங்குவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். மங்கிப்போன படலம் மஞ்சளையும் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே ஓவியத் தட்டுகளுக்குத் தண்ணீரில் கரையும் ஒரே டப்பா பாலியூரித்தேனை வாங்குங்கள். டப்பாவுக்குள் பால்போல வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். வாங்கும்போது மஞ்சளாகாத அலிபாட்டிக் வகை என்று தயாரிப்புக் குறிப்பில் இருக்கிறதா எனப் பாருங்கள், ஏனென்றால் அரோமேட்டிக் வகை ஐசோசயனேட்டிலிருந்து செய்தவை வெயில் பட்டால் நிறம் மாறும். பியூ என்று பெரிதாக அச்சிட்டு உள்ளே பெரும்பகுதி அக்ரிலிக் கலந்து விற்பவையும் உண்டு. அது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், விலைக்கேற்ற கலவை, ஆனால் சூட்டுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும்.

மூன்று டப்பா அளவுக்கு இது கறை தாங்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆரத்தி முடிந்தவுடன் ஈரத்துணியால் துடைத்துவிடச் சொல்லி வாடிக்கையாளரிடம் ஒரு சீட்டுக் கொடுங்கள். மீறி மஞ்சள் ஏறினால், தட்டை வெயிலில் வையுங்கள்; மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெயிலில் வெளிறிப் போகும். கற்பூரத்தை மட்டும் எந்தப் பூச்சின் மேலும் நேராக ஏற்றக் கூடாது, நடுவில் சிறு பித்தளைக் கிண்ணம் கட்டாயம் வேண்டும்.

கோலத்தட்டு:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. ஓவியத் தட்டுக்குத் தண்ணீர் வகை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். என்னிடம் டர்பன்டைன் வாடையுள்ள ஒரு டப்பா பியூ திறக்காமல் இருக்கிறது. ஓவியம் இல்லாத வெறும் தேக்குத் தட்டுகளுக்கு அதைப் பயன்படுத்தலாமா? மேலும், தண்ணீர் வகையைப் பிரஷ்ஷால் பூசும்போது கோடுகளும் குமிழிகளும் வராமல் இருக்கக் கைவேலை எப்படி இருக்க வேண்டும்?

மரரேகை:

வணக்கம் சகோதரி. தேக்குக்கு அந்த டப்பாவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் நேரடியாகப் பூசாதீர்கள். தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. எண்ணெய் வகைப் பூச்சு காற்றிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மரத்தின் பசையிலுள்ள சில பொருள்கள் அதைத் தடுப்பதால், பூசிய இடம் பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். தின்னரில் நனைத்த துணியால் தேக்கைத் துடைத்து, அந்த ஈரம் போனதுமே முதல் பூச்சை அடித்துவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால், மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசி, அதன் மேல் பியூவை ஏற்றுங்கள். மெழுகுள்ள சாதாரண அரக்கின் மேல் பியூ பிடிக்காமல் உரியும் என்பதால் மெழுகு நீக்கியதையே வாங்க வேண்டும். ஓவியத்தின் மேல் இந்த அரக்கைப் பூச வேண்டாம், ஸ்பிரிட் அக்ரிலிக்கை இளக்கிவிடும்.

இனி எம்டிஎஃப். இதன் முகப்பு இறுக்கமாகவும் வெட்டிய விளிம்பு பஞ்சு போலவும் இருக்கும். விளிம்பில் தண்ணீர் வகைப் பூச்சு பட்டவுடன் நார்கள் உப்பிச் சொரசொரப்பாகும், எவ்வளவு பூசினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் காவி அடிப்பதற்கு முன்பே விளிம்பை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரை இரண்டு முறை கொடுத்து, இடையில் மறுபடி தேய்த்துவிடுங்கள். தட்டின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது என்று விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட பலகை மழைக்காலத்தில் மறுபக்கத்தால் ஈரத்தை இழுத்து வளைந்து, தரையில் வைத்தால் ஆடத் தொடங்கும். முன்பக்கத்துக்கு எத்தனை பூச்சோ அத்தனை பின்பக்கத்துக்கும் வேண்டும். பின்பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

கோலம் வரைந்த வண்ணம் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும், தடித்த இழைகளின் உட்புறம் ஈரமாகவே இருக்கும். குறைந்தது மூன்று நாள்கள் விடுங்கள், மழை நாளில் இன்னும் கூடுதலாக. கோலத்தில் எங்காவது போஸ்டர் கலரோ ஸ்கெட்ச் பேனாவோ பயன்படுத்தியிருந்தால் தண்ணீர் வகைப் பூச்சு பட்டவுடன் அது கசியும். அந்தத் தட்டுகளுக்கு முதலில் டின்னில் வரும் தெளிந்த அக்ரிலிக் ஸ்ப்ரேயை மொட்டைமாடியில் வைத்து இரண்டு முறை மெல்லியதாக அடித்து, காய்ந்த பிறகு பியூவுக்கு வரலாம்.

பிரஷ் நைலான் அல்லது பாலியஸ்டர் முடியாக இருக்க வேண்டும். பன்றி முடிப் பிரஷ் தண்ணீரைக் குடித்துத் துவண்டுவிடும், அது உங்கள் தேக்குத் தட்டின் எண்ணெய்ப் பூச்சுக்கு உரியது. டப்பாவைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் நுரைக்கும், அந்த நுரைதான் பின்னர் குமிழியாகத் தெரியும். தட்டையான குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறினால் போதும். மேட் வகையாக இருந்தால் கிளறுவது இன்னும் அவசியம், பளபளப்பைக் குறைக்கும் சிலிக்காத் தூள் அடியில் போய்ப் படிந்திருக்கும், கிளறாமல் பூசினால் முதல் தட்டு பளபளக்கும், கடைசித் தட்டு சுண்ணாம்பு பூசியது போல மங்கும். அடிப் பூச்சுகளைப் பளபளப்பு வகையில் கொடுத்து, கடைசி ஒன்றை மட்டும் மேட்டில் முடித்தால் காவி நிறம் ஆழமாகத் தெரியும்.

வேண்டிய அளவை ஒரு கிண்ணத்தில் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 12 அங்குல வட்டத் தட்டுக்கு இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து, மூன்று பூச்சுக்கு ஏறத்தாழ 50 மில்லி ஆகும் என்பது என் கணக்கு; ஒரு லிட்டரில் இருபது தட்டுகளை முடிக்கலாம். பிரஷ்ஷை முதலில் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, முடியின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முக்கி எடுங்கள். விளிம்பில் தொடங்கினால் பூச்சு வழிந்து சொட்டும். ஆகவே விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே பிரஷ்ஷை வைத்து வெளியே இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் போக வேண்டும். முழுத் தட்டையும் நனைத்தபின், பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி நுனி மட்டும் படும்படி ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிட்டு, அதோடு கையை எடுத்துவிடுங்கள். விட்டுப்போன இடம் ஒன்று ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணில் படும், அப்போது கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். பாதி இறுகிய படலத்தில் பிரஷ் பட்டால் உழுத வயல் மாதிரி ஆகிவிடும், அந்த இடத்தை அடுத்த பூச்சு பார்த்துக்கொள்ளும்.

உயர்ந்த விளிம்புள்ள தட்டில், விளிம்பும் தளமும் சேரும் மூலையில் பூச்சு தேங்கும். ஈரமாக இருக்கும்போது எல்லாமே வெண்மையாகத் தெரிவதால் அது கண்ணுக்குப் புலப்படாது. காய்ந்தபின் அந்த வளையம் மட்டும் பால் நிறமாக நிற்கும். உலர்ந்த சிறிய பிரஷ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூசி முடித்தவுடன் மூலையைச் சுற்றி ஒருமுறை ஒற்றி எடுத்துவிடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் தேங்கலும் விடுபட்ட இடமும் நன்றாகத் தெரியும்.

பூச்சுகளுக்கிடையில் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது எல்லோரும் சொல்வதுதான். உங்கள் வேலைக்கு அதில் ஒரு மாற்றம் வேண்டும். இழைக்கோலத்தின் கோடுகள் தளத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும். முதல் பூச்சு முடிந்ததும் தேய்த்தால் தாள் முதலில் அந்தக் கோட்டின் முதுகைத்தான் பிடிக்கும், பூச்சு போய் வெள்ளை வண்ணமே தூளாக வரும். இரண்டு பூச்சுகள் ஏறிய பிறகே தாளைக் கையில் எடுங்கள், அதையும் கட்டையில் சுற்றாமல் விரல்களால் பிடித்துத் தேயுங்கள். தூளை ஈரமான பனியன் துணியால் துடைத்தால் போதும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் தண்ணீர்ப் பூச்சுக்குள் சிக்கித் துருப்பிடிக்கும், தேக்கில் கரும்புள்ளியாக மாறும்.

மழையைப் பொறுத்தவரை, தண்ணீர் வகைக்கு ஏசி அறை உதவும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடும். மின்விசிறியை மட்டும் தட்டின் மேல் நேராகத் திருப்பாதீர்கள், மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். டர்பன்டைன் வாடையுள்ள டப்பாவை மூடிய ஏசி அறையில் திறப்பது ஆபத்து, அதற்கு எல்லாச் சன்னல்களும் திறந்திருக்க வேண்டும்.

பட்டறைவாசி:

பிரஷ்ஷும் அக்ரிலிக் ஓவியமும் சேர்ந்தால் வண்ணம் இழுபடும் என்று வேதியல் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்களிடம் ஓவிய வேலை வருவதில்லை. ஆனால் பெரிய கொள்முதலாக, வாடகைக்கு விடும் சீர்வரிசைத் தட்டுகள் என்று யாராவது கேட்டால், கோலம் வரைந்து நன்றாகக் காய்ந்தபின் அருகிலுள்ள ஸ்ப்ரே பூத் வைத்த பட்டறையில் கொடுத்து மூன்று டப்பாப் பூச்சை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். நூறு கல்யாணத்துக்குப் போய்வர வேண்டிய தட்டுக்குத் தண்ணீர் வகை தாங்காது என்பதே இன்னமும் என் கருத்து.

எண்ணெய் வகை பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த எண்ணெய் இறுகும்போது சூடு வெளிப்படும், குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் ஊறவைத்தோதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

கோலத்தட்டு:

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். பூசி முடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பார்சல் கட்டலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வண்ண வேதியல்:

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். முழுமையாக இறுகுவது வேறு. தண்ணீர் வகைக்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள், எண்ணெய் வகைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை ஏறுவதும் அந்த இடைவெளியில்தான் மிக எளிது. அதற்குள் அனுப்பியாக வேண்டுமென்றால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், செய்தித்தாளையும் குமிழி பிளாஸ்டிக்கையும் பூச்சில் படும்படி சுற்ற வேண்டாம்; முன்னது அச்சு மையைப் பதித்துவிடும், பின்னது வட்ட வட்டமாகத் தடம் போட்டுவிடும். துவைத்த பருத்தித் துணியையோ பட்டர் பேப்பரையோ இடையில் தளர்வாக வைத்து, ஒவ்வொரு தட்டையும் அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தி வைத்து அனுப்புங்கள்.